சண்முகவேல் செத்த ஊர்

தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதும், "குற்றாலம் போக வேணும், எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று ஒரு குதிரை வண்டிக்காரரைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு மலையாளமா?" என்றார். நான் தமிழன், கொழும்பிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. அப்போது என் பின்னால் நின்ற பிக்கு வாயைத் திறந்தார்.

"மேலகரம் வழியாத்தானே போவீரு? மெதுவா ஓட்டும். எனக்கு முழங்கால் சரியில்ல."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரிடம் பாடம் கேட்கிறவன் நான். சிங்களம் பேசுவார், ஏட்டுத் தமிழ் பேசுவார். மலைநாட்டுத் தோட்டம் எதிலோ பிறந்தவர் என்று நானாக நினைத்திருந்தேன். அந்த வண்டிக்காரரின் தமிழ் அவர் வாயிலிருந்து அச்சாக வந்தது. கேட்டால் சிரித்தார். "நாக்கு பழசை மறக்கல போல" என்றார். அவ்வளவுதான்.

யுத்தம் வருவதற்கு முந்தின ஆடி மாதம் அது. கொழும்பில் எனக்கு ஒரு சின்ன மருந்துக் கடை. ஹாமுதுருவின் முழங்கால் வீக்கத்துக்கு என் தைலங்கள் ஒன்றும் கேட்கவில்லை. (பிக்குகளை நாங்கள் ஹாமுதுரு என்றுதான் கூப்பிடுவோம்.) குற்றாலத் தண்ணீர் நல்லது என்று அவரே ஒருநாள் சொன்னார். துணைக்கு ஆள் வேண்டும், நான் கிளம்பினேன்.

மேலகரம் தாண்டியதும் வண்டியின் கடையாணி கழன்றது. இடது சக்கரம் எங்களை விட்டுவிட்டு, குதிரையையும் முந்திக்கொண்டு உருண்டு போய் ஒரு வயலில் படுத்தது. நானும் ஹாமுதுருவும் சேற்றில். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். "பர்மாச் சாமியாருக்கு அடி படலியே?" என்று ஒருத்தி கேட்டாள். காவி, மொட்டை என்றால் அவர்களுக்கு பர்மா. மீதித் தூரத்தைச் சாரலில் நனைந்துகொண்டே நடந்தோம். மழையென்று சொல்ல முடியாத, மலையிலிருந்து பொடியாக வந்து விழுகிற அந்தத் தூறலுக்கு எங்கள் ஊரில் சொல்லே இல்லை.

காப்பி கிளப் ஒன்றின் மாடியில் அறை கிடைத்தது. கீழே சொதி என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஆசையாக உட்கார்ந்தேன். எங்கள் சொதி இடியாப்பத்துக்கு மேலே ஊற்றுகிற நீர்த்த தேங்காய்ப்பால். இவர்களுடையது பயற்றம்பருப்பும் முருங்கைக்காயும் மிதக்கிற கெட்டிக் குழம்பு. பெயர் ஒன்று, சாமான் வேறு. கோபம் வரவில்லை, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் செங்கோட்டைப் பக்கத்து வியாபாரிகள் இருவர், இந்த வருஷம் மங்குஸ்தான் அத்தனையும் குரங்கு தின்றுவிட்டது என்று மலையாளத்தில் அழுதுகொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் காலையில் அருவிக்குப் போனேன். குளிக்கிறதற்கு முன்னால் எண்ணெய் தேய்த்துக்கொள்வது இங்கே வழக்கம். சுடலை என்று ஒருவர் என்னைப் பாறையில் குப்புறப் போட்டு, சப்பாத்தி மாவைப் போலப் பிசைந்தார். கை வேலை செய்ய, வாய் கதை சொன்னது.

"அண்ணாச்சி, செண்பகாதேவிக்குப் போற பாதையில ஒரு வழுக்குப் பாறை இருக்கு. அங்கனதான் சண்முகவேலு சட்டையும் வேட்டியும் கிடந்துச்சு. இருபத்தோரு வருசம் ஆச்சு. மாடசாமின்னு ஒருத்தன், வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற முறைச் சண்டையில அவன் மண்டையில கல்லைப் போட்டு ஆத்துல தள்ளிட்டான். பன்னெண்டு நாள் கழிச்சுச் சித்தாத்து அணைக்கட்டுல பொணம் ஒதுங்குச்சு. முகமே இல்ல. பெத்த தாயி வந்து கால் சுண்டுவிரலைப் பாத்து, எம் புள்ளதான்னு விழுந்து அழுதா. அந்த அழுகையிலயே வருசம் திரும்புறதுக்குள்ள அவளும் போயிட்டா."

"மாடசாமி?"

"பதினாலு வருசம் ஜெயிலு. திரும்பி வந்து இலஞ்சியில தோப்புக் காவல் பாக்குதான். நல்ல மனுசன்தான். கொலைகாரன் வாரான்னு பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ள வைப்பாங்க. திரும்பிப் படும்."

குளித்துவிட்டு வந்தேன். பிக்குகள் நடுப்பகலுக்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும். ஹாமுதுரு பாத்திரத்தில் சோற்றோடு உட்கார்ந்திருந்தார். ஊர்க்கதை ஒன்று கிடைத்த குஷியில் சுடலை சொன்னதை அப்படியே, அவருடைய ராகத்தோடு, சொல்லிக்காட்டினேன். தாய் சுண்டுவிரலைப் பார்த்த இடத்தில் அவர் கை நின்றது. அந்த அழுகையிலேயே அவளும் போனாள் என்றதும் கவளம் பாத்திரத்தில் விழுந்தது.

"அம்மா செத்துட்டாளா?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சண்முகவேல் நான்தான்" என்றார்.

இந்த மனிதர் 'நான்தான்' என்று அழுத்திச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உடம்பு, உணர்ச்சி, நினைப்பு, பழக்கம், அறிவு இந்த ஐந்தும் சேர்ந்து நடக்கிற நடைக்குத்தான் நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம், உள்ளே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவரும் இல்லை என்று சொல்லித் தந்தவர் அவர். நான் தேநீர் குடித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன்.

அன்று சாப்பாடு அதோடு சரி. மெதுவாகச் சொன்னார். வயது இருபத்திநாலு. தண்ணீர் முறையில் மாடசாமியோடு வாய்ச்சண்டை, கைச்சண்டை. ஊரும் வயலும் வழக்கும் அன்றைக்கு வெறுத்துவிட்டது. பாறையில் துணியைக் கழற்றி வைத்துவிட்டு, மடியில் இருந்த ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு செங்கோட்டைக்கு நடந்தார். கொல்லம், தூத்துக்குடி, கொழும்பு. "ஒரு ஆள் போனா யாருக்கு என்ன நட்டம்னு நெனச்சேன். அப்படி ஒரு நெனப்பு."

எனக்குப் பயம் பிடித்தது. போலீஸ், கோர்ட்டு, அந்நிய ஊர். "ஹாமுதுரு, நீங்கள் படிப்பித்ததுதானே? அந்தச் சண்முகவேல் இப்ப எங்க இருக்கிறான்? அப்பிடி ஒருத்தனும் இல்லையே. நாளைக்கே திரும்பிப் போவம்" என்றேன்.

"நான் சொன்னதை உமக்கு வசதியா எடுத்துக்கிடுதீரு. நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். நிலையா ஒரு ஆள் இல்லைன்னுதான் சொன்னேன். செஞ்சது இல்லைன்னு சொல்லல. ஆள் மாறிப் போவான். செஞ்சது அதுபாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கும். பதினாலு வருசம் ஜெயில்ல நடந்திருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

மூன்றாம் நாள் இலஞ்சிக்குப் போனோம். தென்னந்தோப்பின் ஓரத்தில் ஓலைக் குடிசை. வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். ஒல்லியான ஆள், தலை முழுக்க நரை. இருவருக்கும் ஒரே வயது என்று பின்னால் தெரிந்தது, பார்த்தால் பத்து வயது மூத்தவரைப் போல இருந்தார்.

"வாங்க சாமி. யாரைத் தேடுதீங்க?"

"மாடசாமி, நான் வேலு. சண்முகவேலு."

அவர் கோபப்படுவார், கட்டிப்பிடிப்பார், அடிப்பார் என்று வழியெல்லாம் பலவிதமாக நினைத்து வந்திருந்தேன். அவர் பொறுமையாகத் தலையை ஆட்டினார்.

"அப்படிச் சொல்லாதீங்க சாமி. அவன் செத்துட்டான். நான்தான் கொன்னேன்."

"நீ கொல்லல. நான் செங்கோட்டைக்கு நடந்தே போயிட்டேன்."

"எனக்குத் தெரியாதா சாமி? மடைகிட்ட வச்சுத்தான். கல்லை ரெண்டு கையாலயும் தூக்குனேன். மண்டையில போட்டேன். பனங்காய் பொளந்த மாதிரி ஒரு சத்தம் வந்துது." அவர் இரண்டு கைகளையும் எங்கள் முன் நீட்டினார். விரல்கள் கொஞ்சம் வளைந்து, எதையோ ஏந்துவது போல இருந்தன. "இந்தக் கையில அந்தக் கனம் இன்னைக்கும் இருக்கு."

இல்லாத கல் அது. அதன் கனம் இவர் கையில் இருக்கிறது.

சத்தம் கேட்டு அவர் மனைவி சுப்பம்மாள் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர்தான் சொன்னார்.

"மொதல்ல கொல்லல கொல்லலன்னுதான் கத்துனாரு. அடிச்சாங்க. அப்பவும் அதான் சொன்னாரு. ஜெயிலுக்குப் போன அஞ்சாம் வருசம், செஞ்ச குத்தத்துக்கு வருந்துதேன்னு மனு எழுதுனா சீக்கிரம் விடுவாங்கன்னு யாரோ சொல்லிருக்கான். எழுதுனாரு. வருசா வருசம் எழுதுனாரு. விடல. ஆனா எழுதி எழுதி, அது எப்படி நடந்துச்சுன்னு ஒவ்வொண்ணா அவருக்கு ஞாபகம் வர ஆரம்பிச்சுட்டு. வீட்டுக்கு வந்தப்ப கொலைகாரனாத்தான் சாமி வந்தாரு. நீங்க கொல்லலன்னு நான் சொன்னா என்னையே ஏசுவாரு."

ஹாமுதுரு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்காதவர், எப்படி உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. தலையைக் குனிந்து, இடது காதின் பின்புறத்தைக் காட்டினார்.

"நீ என்னைத் தள்ளுனே. நான் மடைக்கல்லுல விழுந்தேன். இங்கன கிழிஞ்சுது. ரத்தத்தைப் பாத்து நீதான் துண்டைக் கிழிச்சுக் கட்டுனே. கட்டிட்டு, போலே வீட்டுக்குன்னு சொன்னே. அது ஞாபகம் இருக்கா?"

மாடசாமி கிட்டே வந்தார். அந்தத் தழும்பின் மேல் ஒரு விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"துண்டு..." என்றார். "பச்சைக் கரை."

"ஆமா. பச்சைக் கரை."

அவர் சந்தோஷப்படவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. குழந்தையைப் போல, திக்கித் திக்கி அழுதார். "அப்போ ஜெயில்ல நான் அழுததெல்லாம் என்னது? உங்க ஆத்தா வாசல்ல போயி விழுந்து கும்பிட்டேனே, அது என்னது? இனிமே ஒரு எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதுன்னு குனிஞ்சுக்கிட்டே நடக்குதேனே... கொல்லாதவன் எதுக்குலே அப்படி நடக்கணும்? அப்போ நான் யாருலே?"

சாமி போய் 'லே' வந்துவிட்டது. இருபத்தோரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் அப்போதுதான் சந்தித்தார்கள் என்று நினைக்கிறேன்.

எட்டு வருஷம் நான் கேட்ட பாடம் அங்கே என் கண்முன்னால் உட்கார்ந்து அழுதது. ஒரு மனிதன் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய 'நான்', அவன் கண்ணெதிரிலேயே அவிழ்ந்தது. இது இப்படி வலிக்கும் என்று கொழும்பில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாடசாமியின் கேள்விக்கு ஹாமுதுருவுக்குப் பதில் தெரியும், பத்து சூத்திரம் சொல்லியிருக்கலாம். அவர் மாடசாமியின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

பேசினது சுப்பம்மாள்தான். "நீங்க ரெண்டு பேரும் அப்புறமா அழுங்க. சாமி, இவரு ஜெயிலுக்குப் போறப்ப எம் மவ வயித்துல இருந்தா. இப்ப இருபத்தொண்ணு. கொலைகாரன் மவளுன்னு பொண்ணு கேட்டு ஒருத்தன் வரல. நீங்க உசுரோட இருக்கது எங்களுக்குத் தெரிஞ்சு என்ன புண்ணியம்? ஊருக்குத் தெரியணும். சர்க்கார் காயிதத்துல வரணும்."

"வரும்" என்றார் ஹாமுதுரு.

சொல்வது சுலபமாக இருந்தது. நான்காம் நாள் தென்காசியில் அவருடைய பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனோம். அன்றைக்குக் கொள்ளி வைத்தவர் அவர்தான். சண்முகவேலின் வயலும் இப்போது அவரிடம். எங்களைப் பார்த்ததும் தெருவே கூடுகிற மாதிரிக் கத்தினார். "எவன்லே நீ? எந்தம்பியை நான் இந்தக் கையால எரிச்சிருக்கேன். மொட்டையைப் போட்டுக்கிட்டு நெலத்துக்கு வந்திருக்கியா?" நிலம் வேண்டாம் என்று ஹாமுதுரு கூப்பிய கையோடு சொன்னார். அந்த அண்ணன் கதவைச் சாத்திவிட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் அவர் பக்கம். "சாயல் இருக்கு" என்றார் ஒரு பெரியவர். "சாயல் எல்லாருக்கும்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர்.

கடைசியில் வழி காட்டியவர் காப்பி கிளப்புக்கு வருகிற ஒரு வக்கீல். ஊரை விட்டுப் போவதற்கு முன் எப்போதாவது பத்திரம் எழுதிக் கொடுத்ததுண்டா என்று கேட்டார். உண்டு, ஒரு துண்டு நிலத்தை விற்றதுண்டு. "அப்போ பெருவிரல் ரேகை ரிஜிஸ்தர் புஸ்தகத்துல இருக்கும்" என்றார்.

ஐந்தாம் நாள் முழுவதும், சுப்பம்மாளும் கூட வர, ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில் போனது. கரையான் அரித்த கனமான புத்தகம் ஒன்று வந்தது. சண்முகவேல் என்ற பெயருக்குப் பக்கத்தில், மங்கிப்போன ஒரு கறுப்புப் பொட்டு. ஹாமுதுருவின் இடது பெருவிரலில் மை தடவி ஒரு தாளில் உருட்டினார்கள். குமாஸ்தா பூதக் கண்ணாடியை இரண்டுக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ரேகை பொருந்தாமல் போனால் மாடசாமி மறுபடியும் கொலைகாரன்.

"முறைப்படி மதராஸுக்கு அனுப்பித்தான் சொல்லணும்" என்றார் குமாஸ்தா. பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "எனக்குச் சந்தேகம் இல்ல. ஒரே ஆளுதான்."

சுப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே வரும்போது எனக்கு இன்னொரு குழப்பம். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஹாமுதுரு, எல்லாம் மாறும் எண்டு சொன்னீங்கள். இருபத்தோரு வருஷத்தில இது மாறேல்லையே?"

அவர் விரலில் ஒட்டியிருந்த மையைப் பார்த்தார். "அன்னைக்கு அந்தத் தாள்ல பட்ட தோலு எப்பவோ உதிர்ந்து மண்ணாப் போயிருக்கும். புதுத்தோலு வரும்போது பழசு கோட்டைச் சொல்லிக் குடுத்துட்டுப் போகுது. அது இதுக்கு, இது அடுத்ததுக்கு. தங்குனது ஒண்ணும் இல்ல. ஆனா விட்டும் போகல. மாடசாமிக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கது அதனாலதான்."

மதராஸ் கடிதம் வருகிற வரை ஹாமுதுரு குற்றாலத்திலேயே இருப்பது என்று முடிவானது. எனக்குக் கடையைத் திறந்தாக வேண்டும். ஏழாம் நாள் நான் புறப்படுவதாக ஏற்பாடு.

அன்று காலை மாடசாமி காப்பி கிளப்புக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேலு, ஒண்ணு கேக்கேன். நீ சாகல. நான் கொல்லல. சரி. அப்போ சித்தாத்தங்கரையில எரிச்சது யாரை?"

மூன்று நாளாக ஆபீஸ், வக்கீல், ரேகை என்று அலைந்திருக்கிறோம். நாங்கள் அத்தனை பேரும் பேசியது உயிரோடிருக்கிற இரண்டு பேரைப் பற்றி. ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுத அந்த மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஹாமுதுருவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தோன்றவில்லை என்று அது சொன்னது.

"அவனுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும்லா" என்றார் மாடசாமி. "இன்னைக்கும் எங்கயோ ஒருத்தி வருவான்னு பாத்துக்கிட்டு இருப்பாளோ என்னவோ."

மூவரும் சிற்றாற்றங்கரைக்குப் போனோம். பிணம் எரித்த இடம் மாடசாமிக்குத் தெரிந்திருந்தது; ஜெயிலிலிருந்து வந்த பிறகு அங்கே அடிக்கடி வருவாராம். இப்போது கோரைப்புல் மண்டிக் கிடந்தது. மாடசாமி ஒரு பொட்டலம் எள் கொண்டுவந்திருந்தார். ஹாமுதுரு பாலியில் ஓதினார். மாடசாமி முழங்கால் தண்ணீரில் நின்று எள்ளும் நீரும் விட்டார். விடும்போது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் கை அந்தரத்தில் நின்றது.

"பேர் தெரியாம எப்படிக் கூப்பிட?"

"சண்முகவேலுன்னே கூப்பிடு" என்றார் ஹாமுதுரு.

"அது உன் பேருல்லா? அதைக் காட்டத்தானே இந்த அலைச்சல் அலைஞ்சோம்?"

"உனக்காகத்தான் அலைஞ்சோம். உனக்கு வேண்டியது காயிதத்துல வரும். இந்தப் பேரை வச்சுத்தான் எங்கம்மா இவனைப் பாத்து அழுதா, இந்தப் பேருலதான் எரிச்சாங்க. எனக்கு இதுல வேலை இல்ல. இவன் வச்சுக்கிடட்டும்."

மாடசாமி ஆற்றைப் பார்த்துத் திரும்பி, தண்ணீர் விட்டுக் கூப்பிட்டார்.

"சண்முகவேலு! சண்முகவேலு! ஏ, சண்முகவேலு!"

என் பக்கத்தில் நின்றவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை.